அந்தக் காணொளியை அனுப்பியவர்களில் ஒருவன்



2018ஆம் ஆண்டு மே மாதம். ரமலான் பிறை காண இன்னும் சில நாட்களே இருந்தன. நான் மேல்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பிப்பவன். கோடை விடுமுறையாதலால் வீட்டில் இருந்தேன். லுஹருக்குப் பின் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுமத்தில் மாமா ஒருவர் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு விரைகிறார்கள். மற்றப் பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள். அத்தோடு ஒரு குரல் பதிவும் வந்தது: வடநாட்டிலிருந்து பெருங்கூட்டமொன்று தமிழ்நாட்டில் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளைத் தெருவில் விடாதீர்கள் என்று.

எனக்கு அப்போது நான்கு வயதில் ஒரு பேத்தி இருந்தாள். நான் யோசிக்கவில்லை. 'நம் மஹல்லாப் பெற்றோரின் கனிவான கவனத்திற்கு' என்று ஒரு வரியைச் சேர்த்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் உள்ள எங்கள் மஹல்லாக் குழுமத்திற்கு அனுப்பிவிட்டு, ஒரு நற்காரியம் செய்த நிறைவோடு அஸர் தொழுகைக்குச் சென்றேன்.

மூன்றாம் நாள் மாலை, கொசுவலை விற்கும் ஒருவர் எங்கள் கீழத்தெருவுக்கு வந்தார். மிதிவண்டியின் பின்னே வலைகளை மூட்டையாகக் கட்டியிருந்தார். தமிழ் அவருக்கு விலை சொல்லும் அளவுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டு வாசலில் நின்று, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று சைகையில் கேட்டிருக்கிறார். அவர் செய்தது அவ்வளவுதான். சற்று நேரத்தில் பதினைந்து இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மூட்டை பிரிந்து வலைகள் தெருவில் கிடந்தன; கைப்பேசி உடைந்தது; கன்னத்தில் இரண்டு மூன்று அறைகள் விழுந்தன. மோதினாரும் ஜமாஅத் பெரியவர் இருவரும் ஓடிவந்து அவரை இழுத்துப் பள்ளிவாசல் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க இன்றும் மனம் ஒப்பவில்லை. அதே மாதத்தில்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த வயது முதிர்ந்த பெண்மணி ஒருவரை, பிள்ளை பிடிப்பவர் என்று கருதி ஊரார் அடித்தே கொன்றார்கள். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்திற்குக் காரணம். பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் அவ்வாறே மாண்டனர்.

நான் பள்ளிவாசலுக்குச் சென்றபோது அந்த மனிதர் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே நின்ற இளைஞர்களில் என் மாணவன் ஒருவனும் இருந்தான். பதினொன்றாம் வகுப்பு முடித்தவன், அடக்கமான பிள்ளை. "நீயுமா?" என்று கேட்டேன். அவன் குழப்பத்தோடு என்னைப் பார்த்தான். "சார், நீங்க அனுப்பினதைப் பார்த்துத்தானே சார்..." என்றான்.

அந்நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பிறரிடமிருந்து வந்ததா, அனுப்புபவரே உருவாக்கியதா என்பதைக் காட்டும் 'ஃபார்வர்டட்' குறிகூட இல்லை. அது அவ்வாண்டு ஜூலையில்தான் வந்தது. ஆகவே அந்தப் பிள்ளையின் கைப்பேசியில் அது என் செய்தியாகவே தோன்றியது. வரலாற்று ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பினான்.

அவசரமாகக் குழுமத்தைத் திறந்து அந்தச் செய்தியை அழிக்க முயன்றேன். அனைவருக்குமாக நீக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. என் கைப்பேசியிலிருந்து மட்டும் நீக்கலாம் என்றது திரை. என் கண்ணுக்கு மட்டும் மறைத்து என்ன பயன்? விட்டுவிட்டேன். அன்றிரவு, அச்செய்தி ஆதாரமற்றது, அனுப்பியது என் தவறு என்று எழுதினேன். காணொளிக்கு எழுந்த பரபரப்பில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. மறுப்பை யாரும் பிற குழுமங்களுக்கு அனுப்பியதாகவும் தெரியவில்லை. ஜமாஅத் அந்த வியாபாரிக்கு நட்டஈடு கொடுத்து, பேருந்து நிலையம் வரை துணைக்கு ஆளனுப்பியது. அவரிடம் "நான்தான் அனுப்பினேன்" என்று சொல்ல எனக்கு இந்தியில் அந்தச் சில சொற்கள் தெரிந்தே இருந்தன. சொல்லவில்லை. அவர் அதன்பின் எங்கள் ஊருக்கு வரவே இல்லை.

சில வாரங்கள் கழித்து அந்தக் காணொளியின் முழு வடிவத்தைப் பார்த்தேன். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் 'ரோஷ்னி' என்ற அமைப்பு 2016இல் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வருகிறார்கள். சிறுவனை அதே இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் மீது கண் வைத்திருங்கள் என்னும் எச்சரிக்கை அட்டையை உயர்த்திக் காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் அந்தக் கடைசிச் சில நொடிகளை வெட்டியிருக்கிறார். பிள்ளைகளைக் காக்க எடுத்த படம் ஆட்களைக் கொல்லும் படமாக மாறுவதற்கு அதுவே போதுமாயிற்று. அதில் ஒட்டுவேலை இல்லை, வரைகலை வித்தை இல்லை. படம் உண்மை. செய்தி பொய். இந்த வேறுபாட்டை நான் முப்பதாண்டுகள் வரலாறு கற்பித்தும் என் கைப்பேசிக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. ஒரு கல்வெட்டைக் காட்டி, இது எந்தக் காலத்தது, யார் பொறித்தது, எந்தப் பகுதி சிதைந்துள்ளது என்று மாணவர்களைக் கேட்டவன் நான்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்று மனத்தை இறக்கி வைத்தேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையை எடுத்து விரித்தார். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துடைய நபிமொழி அங்கே இருக்கிறது. ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள், ஹதீஸ்களைத் தொகுத்துத் தருமுன் அவற்றை யாரிடம் ஏற்பது, யாரிடம் ஏற்கக்கூடாது என்பதற்கே ஒரு முன்னுரை எழுதினார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் அவ்வசனம், அதற்கான காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது: அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று. எத்தனை முறை ஓதியிருப்பேன்! கொசுவலை மூட்டை பிரிந்து கிடந்த தெருவைப் பார்த்த பிறகே அதன் பிற்பகுதி எனக்கு உறைத்தது.

"பிள்ளைகளுக்கு உஸூலுல் ஹதீஸை அரபியில் நடத்துகிறேன், யாருக்கும் ஏறவில்லை. கைப்பேசியை வைத்து நடத்தினால் என்ன?" என்று ஹஜ்ரத் கேட்டார். இப்படித்தான் எங்கள் ஜமாஅத் நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியர் முப்பது பேர் வந்தார்கள். அந்த மாணவனும் வந்தான். கடைசி வரிசையில் அமர்ந்தான்.

முதல் வகுப்பில் ஹஜ்ரத் கரும்பலகையில் ஒரு சங்கிலி வரைந்தார். கடைசி வளையத்தில் 'நான்'. அதற்கு முன் 'மாமா'. அதற்கு முன்? மாமாவுக்கு அவருடைய நண்பர். நண்பருக்கு? தெரியாது. அதற்கு மேல் எல்லா வளையங்களிலும் கேள்விக்குறி. "மாமா நல்லவரா?" என்று கேட்டார். நல்லவர்தான். பொய் சொல்வாரா? மாட்டார். "அப்படியானால் இந்தச் செய்தி ஸஹீஹா?" பிள்ளைகள் மௌனமானார்கள். அறிவிப்பாளர் வரிசையில் ஒரே ஒருவர் யாரென்று தெரியாதவராக இருந்தாலும், மற்ற அனைவரும் எவ்வளவு நேர்மையானவர்களாயினும் அந்த அறிவிப்பு பலவீனமடைந்துவிடும் என்பது ஹதீஸ் கலையின் தொடக்கப் பாடம். நமக்கு வரும் செய்திகளிலோ பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் தெரிந்தவராக இருக்கிறார். நம்மிடம் அனுப்பியவர் மீதுள்ள அன்பை, அச்செய்தியை முதலில் உருவாக்கிய முகமறியாத மனிதருக்குக் கடனாகக் கொடுத்துவிடுகிறோம்.

ஊடகக் கல்வி பற்றி நான் படிக்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். யுனெஸ்கோ 2011இலேயே ஆசிரியர்களுக்கென்று ஊடக, தகவல் எழுத்தறிவுப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. நமக்கு அருகிலேயே, கேரளத்தின் கண்ணூரில் மாவட்ட ஆட்சியராக இருந்த மீர் முகம்மது அலி, 2018இல் அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்திகளை இனங்காணும் வகுப்புகளை 'சத்யமேவ ஜயதே' என்னும் பெயரில் நடத்தினார். ஆனால் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோரின் ஆய்வு. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, இவை நம்பத்தக்கவையா என்று கேட்டார்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்து மேலிருந்து கீழாக வாசித்தார்கள். அழகான முகப்பிலும் அதிகாரப்பூர்வமாகத் தோன்றும் முத்திரையிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு பக்கங்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். என் இனத்தவரான வரலாற்றாளர்கள் தோற்ற அந்த ஆய்வை ஹஜ்ரத்திடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "அறிவிப்பாளர் நல்லவரா என்று அறிவிப்பாளரிடமேயா கேட்பார்கள்? அவரை அறிந்த மற்றவர்களிடம் அல்லவா கேட்பார்கள்? ரிஜால் நூல்கள் அதற்குத்தானே இருக்கின்றன?" என்றார். இமாம் தஹபீயின் 'மீஸானுல் இஃதிதால்' போன்ற நூல்களில், ஒவ்வொருவரைக் குறித்தும் அவருடைய நினைவாற்றல், நேர்மை, முதுமையில் ஏற்பட்ட குழப்பம் என்று பிறர் கூறிய சாட்சியங்களே நிரம்பியுள்ளன.

இவ்வாறு ஒப்பிடுவதற்கும் எல்லை உண்டு. ஹதீஸ் அறிஞர்களின் உழைப்பையும் கைப்பேசித் தேடலையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஒரே ஒரு ஹதீஸுக்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதப் பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றதை இமாம் புகாரி (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். நாம் உட்கார்ந்த இடத்தில் விரல் அசைக்கவும் சலிப்படைகிறோம்.

பிள்ளைகளுக்குச் செய்முறைகளைக் கற்பிப்பது எளிதாகவே இருந்தது. காணொளியிலிருந்து ஒரு காட்சியைப் படமாக எடுத்து, கூகுள் லென்ஸில் இட்டு, அது முன்பு எங்கே வெளியானது என்று தேடுவதை ஒரே வகுப்பில் கற்றுக்கொண்டார்கள். கடைப் பலகையின் எழுத்து, வாகன எண், வானிலை ஆகியவற்றைக் கொண்டு இடத்தைக் கணிப்பதில் மாணவியர் என்னைவிடக் கூர்மையாக இருந்தார்கள். கடினமான பாடம் வேறொன்று.

2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைக் காரணமாக்கி நம் சமூகத்தின் மீது பழி விழுந்தபோது, எங்கள் மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே போர்வீரர்களைப் போல் இயங்கினார்கள். முஸ்லிம்கள் தட்டுகளை நக்கிக் கொரோனாவைப் பரப்புகிறார்கள் என்று பரவிய காணொளி, உணவில் ஒரு பருக்கையும் வீணாகக்கூடாது என்னும் போரா சமூகத்தாரின் வழக்கத்தைக் காட்டும் பழைய காணொளி என்பதை ஆதாரத்தோடு தம் பள்ளித் தோழர்களுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே வாரம், அதே மாணவர்களில் இருவர், கொரோனாவுக்கு அஞ்சி மேலைநாட்டவர் கூட்டங்கூட்டமாக இஸ்லாத்தைத் தழுவுகிறார்கள் என்னும் காணொளியை எனக்கு அனுப்பினார்கள். எந்த நாடு, எந்த ஆண்டு என்று ஒன்றும் இல்லை. "இதைத் தேடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவன் நேர்மையாகப் பதில் எழுதினான்: "இதில் என்ன தப்பு இருக்கப்போகிறது சார்?"

அவனைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசை கேட்டு, பின்னர் இஸ்லாத்தை ஏற்றார் என்னும் கதையை என் இளமையில் மேடைப் பேச்சில் கேட்டு மெய்சிலிர்த்தவன் நான். ஆசிரியரான பிறகும் சில முறை சொல்லியிருக்கிறேன். அக்கதை முஸ்லிம் நாடுகளில் எவ்வளவு பரவியதென்றால், 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு அதை மறுத்துக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. ஆம்ஸ்ட்ராங் தாமே மறுத்தார். நமக்கு எதிரான பொய்யைக் காண நம் கண்கள் கூர்மையாகின்றன. நமக்கு இனிக்கும் பொய் வரும்போது இமைகள் தாமே மூடிக்கொள்கின்றன. நம் மார்க்கத்திற்கு ஆம்ஸ்ட்ராங்கின் சாட்சியம் எதற்கு?

ஊரடங்கு தளர்ந்து வகுப்பு மீண்டும் கூடியபோது இதையே பேசினேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "அப்படியானால் சார், நம் நூலக முகப்பில் எழுதியிருப்பது?" என்றாள். சீனாவுக்குச் சென்றேனும் கல்வியைத் தேடச் சொல்லும் அந்த வாசகம், நபிமொழி என்ற குறிப்போடு, பச்சை எழுத்தில் இருபதாண்டுகளாக அங்கே இருக்கிறது. நான் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். ஹஜ்ரத் தம் தாடியைத் தடவிக்கொண்டார். ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது என்பதை அவர் அறிவார். பிற அறிஞர்களும் அதன் அறிவிப்பாளர் வரிசைகளைப் பலவீனமானவை என்றே கூறியுள்ளனர். கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்ற கருத்துடைய செய்தி இப்னு மாஜாவில் இருக்க, இதைத்தான் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

நிர்வாகக் கூட்டத்தில் இப்பேச்சு வந்தபோது எதிர்ப்பு வலுவாக இருந்தது. "நல்ல கருத்துதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் பெரியவர் ஒருவர். அதை எழுத வண்ணத்துக்குப் பணம் கொடுத்தவர் அவருடைய தந்தை. "கருத்து நல்லது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறோமே, அதற்கு யார் பொறுப்பு?" என்று ஹஜ்ரத் மென்மையாகக் கேட்டார். முடிவு எட்ட ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. இறுதியில் வாசகம் நிற்க, 'நபிமொழி' என்ற சொல்லை மட்டும் அழிப்பதென்று சமரசம் கண்டார்கள். எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. அந்த மாணவிக்கும் இல்லை.

வேறொரு நோயும் தலைகாட்டியது. "எல்லாமே பொய்தான் சார், எதையும் நம்பக்கூடாது" என்று கூறும் மாணவர்கள் தோன்றினார்கள். முதலில் அதை வெற்றி என்றே எண்ணினேன். பின்னர் அவர்களுள் ஒருவன், தன் தங்கைக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வந்த சுகாதாரத் துறையினரையும் அதே வாக்கியத்தைச் சொல்லித் திருப்பியனுப்பியதாக அறிந்தேன். எதையும் நம்பாதவன் கடைசியில் தனக்குப் பிடித்ததையே நம்புகிறான். முஹத்திஸ்கள் எல்லாவற்றையும் தள்ளியவர்கள் அல்லர். ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரித்தார்கள். அறிவிப்பவரின் தகுதிக்கேற்ப ஏற்றார்கள். ஆகவே ஒரு பருவம் முழுவதும் நம்பத்தக்கதை நம்பக் கற்பிப்பதிலேயே செலவிட்டோம்: நாளிதழ் தன் பிழையைத் திருத்தி வெளியிடுகிறதா, செய்தியாளரின் பெயர் உள்ளதா, அவர் நிகழ்விடத்தில் இருந்தாரா, மருத்துவச் செய்தியை மருத்துவர்தாம் சொல்கிறாரா என்று. நான் அந்தப் பையனின் வீட்டுக்கும் சென்றேன். தங்கைக்குத் தடுப்பூசி போட்டார்கள்.

அண்மையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஹஜ்ரத்தின் ஜும்ஆ பயானைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றி, வரும் சனிக்கிழமை வகுப்பு விடுமுறை என்று ஹஜ்ரத்தே அறிவிப்பதுபோல் ஒரு குரல் பதிவைத் தயாரித்துக் கொண்டுவந்தான். அவருடைய தொண்டைச் செருமல்கூட அப்படியே இருந்தது. வகுப்பே சிரித்தது; ஹஜ்ரத்தும் சிரித்தார். பிறகு அதை மீண்டும் ஒருமுறை ஒலிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "என் மனைவி கேட்டாலும் நம்பிவிடுவாள்" என்றார் கடைசியில். என்ன செய்யலாம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். "நேரே ஹஜ்ரத்துக்கே போன் போட்டுக் கேட்கலாம் சார்" என்றது ஒரு குரல். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒரு மாதப் பயணம் நினைவுக்கு வந்தது.

அன்று அடித்த இளைஞர்களுள் ஒருவனாய் நின்ற அந்த மாணவன் இப்போது துபாயில் கணக்கராக இருக்கிறான். மாதம் ஒருமுறையேனும் ஏதாவதொரு செய்தியை எனக்கு அனுப்பி, அடியில் 'சார், தேடிப் பார்த்தேன், மூலம் கிடைக்கவில்லை, நீங்களும் பாருங்கள்' என்று எழுதுகிறான். அந்த மாலையைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

ஒவ்வொரு கல்வியாண்டிலும் புதிய பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போது, முதல் நாளன்று ஹஜ்ரத் தம் பழைய கைப்பேசியைக் கொண்டுவருவார். மஹல்லாக் குழுமத்தில் 2018 மே மாதம் வரை மேலே தள்ளிச் சென்று, அந்தக் காணொளியைத் திறந்து, பிள்ளைகளிடம் கொடுப்பார். கைப்பேசி வரிசை வரிசையாகச் சுற்றி வரும். அனுப்பியவர் பெயரை யாராவது ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். பெரும்பாலும் படிக்கும் பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கும்.